மகளுக்கு டிஸ்லெக்சியா: ஆங்கில வகுப்பை மாற்றினால் அவள் ஓட்டம் என்ன ஆகும்?

கேள்வி: டெக்சாஸில் டல்லஸ் பக்கம் இருக்கிறோம். என் மகள் பப்ளிக் ஸ்கூலில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். 800 மீட்டர் ஓடுகிறாள். இப்படியே முன்னேறினால் டிவிஷன் ஒன் (விளையாட்டில் முதல் நிலை) கல்லூரிகளில் இருந்து கூப்பிடுவார்கள் என்று அவளுடைய கோச் சொல்கிறார். ஏழாம் வகுப்பில் டிஸ்லெக்சியா (படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) என்று கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து ஐஇபி (அவளுக்கென்று தனியாக எழுதிய சிறப்புக் கல்வித் திட்டம்) இருக்கிறது. போன ஆறு வாரத்துக்கு ஆங்கிலத்தில் 66 வந்ததால், மூன்று வாரம் எந்த மீட்டிலும் (போட்டியிலும்) ஓடக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. அடுத்த மாதம் ஏஆர்டி (ஐஇபியை முடிவு செய்யும் குழு) கூட்டம். "மாடிஃபைடு (எளிதாக்கிய) ஆங்கிலத்துக்கு மாற்றிவிடலாம், பாஸ் ஆகிவிடுவாள், ஓட்டமும் கெடாது" என்கிறார்கள் பள்ளியில். இந்த லேபிள் ஃபைலில் இருந்தால் எந்தக் கல்லூரியும் சேர்க்காது, ஸ்பெஷல் எஜுகேஷனில் இருந்தே வெளியே எடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். பத்தாம் வகுப்பை இன்னொரு வருஷம் படிக்க வைத்தால் நிதானமாகத் தேறிவிடுவாள் என்கிறார் என் அண்ணன். எதைச் செய்வது? கூடவே ஒரு சின்னக் கேள்வி: ஸ்பானிஷ் அவளுக்குச் சுத்தமாக வரவில்லை. தமிழில் பரீட்சை எழுதி அந்தக் கிரெடிட்டை வாங்கலாமா?

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

மூன்று யோசனையுமே வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் ஏஆர்டி மேசையில் ஏழெட்டுப் பேர் முன்னால் உட்கார்ந்து "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வர முடியாது. ஏன் வேண்டாம், பதிலாக என்ன வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்க வேண்டும். டெக்சாஸ் பள்ளிகளில் முதலில் சிறப்புக் கல்வி ஆசிரியராகவும் அப்புறம் கவுன்சலராகவும் பல வருஷம் அந்த மேசையின் மறுபக்கம் உட்கார்ந்தவள் நான். அங்கே என்ன பேசுவார்கள், எதைப் பேச மறந்துவிடுவார்கள் என்று தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் மகள் இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். ஒன்று, இப்போது பள்ளி மீட்டில் ஓடுவதற்கான டெக்சாஸ் விதி. இன்னொன்று, இரண்டரை வருஷம் கழித்துக் கல்லூரியில் ஓடுவதற்கான என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) விதி. இரண்டும் வேறு வேறு ஆட்கள் எழுதியவை. ஒன்றைப் பற்றி மற்றதற்குக் கவலை இல்லை. முதல் வாசலைத் திறக்கிற சாவி இரண்டாவது வாசலைப் பூட்டிவிடலாம். மாடிஃபைடு ஆங்கிலம் அப்படிப்பட்ட சாவி.

முதலில் அந்த 66-ஐப் பார்ப்போம்.

"நோ பாஸ், நோ ப்ளே" என்று எல்லாரும் சொல்வது 1984-ல் டெக்சாஸில் வந்த சட்டம். ஒரு கிரேடிங் காலத்தில் ஏதாவது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால், குறைந்தது மூன்று பள்ளி வாரம் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது. பயிற்சிக்குத் தடை இல்லை. மூன்று வாரம் கழித்து எல்லாப் பாடத்திலும் பாஸ் மார்க்கில் இருந்தால் திரும்பவும் ஓடலாம். இது உங்களுக்கு இந்நேரம் மனப்பாடமாகியிருக்கும்.

அதே சட்டப்பிரிவில், அதாவது டெக்சாஸ் கல்விச் சட்டம் 33.081-ல், இன்னொரு வரி இருக்கிறது. வழக்கமான கல்வித் தரத்தை எட்டுவதற்கு ஒரு மாணவரின் குறைபாடு பெரிய தடையாக இருந்தால், அவரைப் போட்டியில் இருந்து நிறுத்தும் முடிவு அவருடைய ஐஇபியில் உள்ளதை அவர் நிறைவேற்றத் தவறினாரா என்பதை வைத்துத்தான் எடுக்கப்பட வேண்டும். உங்கள் மகளுக்கு ஐஇபி இருக்கிறது. அப்படியென்றால் "66 வந்தது, நிறுத்திவிட்டோம்" என்பதோடு விஷயம் முடியக் கூடாது. ஐஇபியை யாராவது எடுத்துப் பார்த்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

நீங்களும் ஒரு வேலை செய்ய வேண்டும். ஐஇபியில் அகாமடேஷன் (படிக்க உதவும் வசதிகள்) பக்கம் ஒன்று இருக்கும். அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வையுங்கள். பக்கத்தில் அந்த ஆறு வாரத்து ஆங்கிலத் தாள்களை ஒவ்வொன்றாக வையுங்கள். நான் இப்படி உட்கார்ந்து பார்த்த ஒரு தாள் இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு நாடகத்தைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை. பையன் சொன்ன கருத்து அருமையாக இருந்தது. 'டெஃபினிட்லி' என்று எழுத வேண்டிய இடத்தில் எல்லாம் 'டிஃபையன்ட்லி' என்று எழுதியிருந்தான். ஒவ்வொன்றையும் சிவப்பில் வட்டம் போட்டு, எழுத்துப்பிழைக்கு மட்டும் 15 மார்க் குறைத்திருந்தார்கள். அவனுடைய ஐஇபியிலோ, ஸ்பெல்லிங் டெஸ்ட் தவிர வேறு எதிலும் எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்கக் கூடாது என்று தெளிவாக இருந்தது. புதிதாக வந்த ஆசிரியருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. அந்த ஒரு தாளைத் திருத்தியதும் அவன் 70-ஐத் தாண்டிவிட்டான். உங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்க்காமல் விடாதீர்கள். கூடுதல் நேரம் கொடுத்தார்களா, புத்தகம் ஆடியோவில் கிடைத்ததா, கேள்வித்தாளைப் படித்துக் காட்டினார்களா என்று மகளிடமே ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் "வேண்டாம், நானே பார்த்துக்கிறேன்" என்று வகுப்பில் சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். தோழிகள் முன்னால் தனியாகத் தெரிய வேண்டாம் என்பதற்காக.

இனி அந்த மாடிஃபைடு வகுப்பு. இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கூட்டத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள், காதில் ஒன்று போலவே விழும். அகாமடேஷன் என்றால் பாடம் அதேதான், படிக்கும் வழி மட்டும் வேறு. மற்றவர்கள் கண்ணால் படிக்கிற நாவலை உங்கள் மகள் காதால் கேட்டுப் படிப்பாள். அதே கேள்விக்கு அதே ஆழத்தில் பதில் சொல்வாள், ஒன்றரை மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு. மாடிஃபிகேஷன் என்றால் பாடமே மாறுகிறது. நாவலுக்குப் பதில் எளிய சுருக்கம், ஐந்து கேள்விக்குப் பதில் இரண்டு, பத்தாம் வகுப்புத் தரத்துக்குப் பதில் ஏழாம் வகுப்புத் தரம். சில பிள்ளைகளுக்கு மாடிஃபிகேஷன் நிஜமாகவே தேவை, அதில் எந்தக் குறைவும் இல்லை. உங்கள் மகளுக்கு அது தேவையா என்பதை அவளுக்கு எவ்வளவு புரிகிறது என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும். அடுத்த மீட்டுக்குள் பாஸ் ஆக வேண்டும் என்ற அவசரத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது.

என்சிஏஏ கணக்கு இங்கேதான் வருகிறது. டிவிஷன் ஒன் கல்லூரியில் முதல் வருஷமே போட்டியில் ஓட வேண்டும் என்றால், உயர்நிலைப் பள்ளியில் 16 கோர் கோர்ஸ் (என்சிஏஏ கணக்கில் எடுக்கும் முக்கியப் பாடங்கள்) முடித்திருக்க வேண்டும். ஆங்கிலம் 4, அல்ஜீப்ரா-1 அல்லது அதற்கு மேற்பட்ட கணிதம் 3, அறிவியல் 2, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் இன்னும் 1, சமூக அறிவியல் 2, மீதி 4 இவற்றிலிருந்தோ வேற்று மொழி, தத்துவம், மதங்களின் ஒப்பீடு போன்ற பாடங்களிலிருந்தோ எடுக்கலாம். இந்த 16-ல் மட்டும் கணக்கிட்ட ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 2.3 வேண்டும். ரிப்போர்ட் கார்டில் இருக்கும் ஜிபிஏவில் உடற்பயிற்சி, ஓவியம் எல்லாம் சேர்ந்திருக்கும், அது வேறு. கல்லூரி நுழைவுத் தேர்வுகளான எஸ்ஏடி, ஏசிடி மதிப்பெண் என்சிஏஏவுக்கு 2023 ஜனவரியில் இருந்து தேவையில்லை. கல்லூரி தன் சேர்க்கைக்குக் கேட்கலாம். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் திரும்பவும் கேட்க ஆரம்பித்துவிட்டது. அதனால் எஸ்ஏடிக்குக் கூடுதல் நேரம் கேட்கும் விண்ணப்பத்தையும் முன்கூட்டியே போட்டு வையுங்கள். அது பரிசீலனையாகி வர ஏழு வாரம் வரை ஆகும்.

வழக்கமான தரத்துக்குக் கீழே நடத்தப்படும் வகுப்பு இந்த 16-ல் சேராது. சிறப்புக் கல்வி வகுப்பு என்பதற்காகவே தள்ளிவிடுவதும் இல்லை. உள்ளடக்கமும் ஆழமும் வழக்கமான வகுப்புக்கு ஈடாக இருந்து, உங்கள் பள்ளிக்கான என்சிஏஏ பட்டியலில் அந்த வகுப்பும் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். ஆக, கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது: "நீங்கள் சொல்கிற இந்த வகுப்பு, இதே பெயரில், நம் பள்ளியின் என்சிஏஏ பட்டியலில் இருக்கிறதா?" கூட்டத்துக்கு முன்னால் நீங்களே பார்த்துவிடலாம். பள்ளியின் ஆறு இலக்க சிஇஇபி எண்ணை (பள்ளிக்கான குறியீடு) கவுன்சலரிடம் வாங்கி, தகுதி பார்க்கும் என்சிஏஏ அலுவலகமான எலிஜிபிலிட்டி சென்டரின் இணையதளத்தில் போட்டால் பாடவாரியாகப் பட்டியல் வரும். அதை அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள். மேசையில் ஒரு தாள் இருந்தால் பேச்சின் போக்கே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கேள்வியை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் நான் இருந்த ஒரு பள்ளியில் குண்டு எறியும் பையன் ஒருவன். ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தோற்றான், ஏஆர்டி கூடியது, மாடிஃபைடு வகுப்புக்கு மாற்றினோம். நானும் அந்த மேசையில் இருந்தேன். அந்த சீசன் பிழைத்தது, எல்லாருக்கும் சந்தோஷம். பத்தாம், பதினோராம் வகுப்பிலும் அதே ஏற்பாடு தொடர்ந்தது. பன்னிரண்டாம் வகுப்பு அக்டோபரில் ஒரு பல்கலைக்கழகம் தேடி வந்தபோது எண்ணிப் பார்த்தால், மூன்று வருஷ ஆங்கிலமும் கணக்கில் இல்லை. அவனுடைய அப்பா என் அறைக்கு வந்து ட்ரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பதிவை) மேசையில் வைத்து, "எல்லாத்துலயும் பாஸ்னுதானே போட்டிருக்கு?" என்று கேட்டார். பாஸ்தான். எதில் பாஸ் என்று மூன்று வருஷமாக எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பையன் இரண்டு வருஷக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து, அங்கிருந்து மேலே போனான், நன்றாக இருக்கிறான். ஆனாலும் அந்த அப்பாவின் கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் மகளுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்போம். வருஷத்துக்கு ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று நான்கு வைத்தால், பதினோராம் வகுப்பு முடியும்போது 12 கோர் கோர்ஸ் கையில் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் 10 முடித்திருக்க வேண்டும், அதில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலில் இருக்க வேண்டும் என்பது டிவிஷன் ஒன் விதி. எண்ணிக்கையில் இரண்டு வரை தவறினாலும் சமாளிக்கலாம். ஆங்கிலத்தில் மட்டும் அந்த இடம் இல்லை. நான்கு வருஷத்தில் நான்கு ஆங்கிலம். இந்த செமஸ்டர் மாடிஃபைடுக்குப் போனால் அரை யூனிட் போய்விடும், அதைக் கோடை வகுப்பில்தான் பிடிக்க வேண்டும்.

அந்த 10 பாடங்களின் மார்க்கைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியபின் திரும்ப எழுதி உயர்த்தவும் முடியாது. அப்படியே நின்றுவிடும். ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2. பத்தில் எட்டு சி, இரண்டு பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 புள்ளி, அதாவது 2.2. மீதி ஆறு பாடத்தில் மூன்று பி, மூன்று சி வாங்கினால் 15. மொத்தம் 37-ஐ 16-ஆல் வகுத்தால் 2.31, தாண்டிவிட்டாள். இது எட்ட முடியாத உயரம் இல்லை என்று காட்டத்தான் இந்தக் கணக்கு. சரியான அகாமடேஷனோடு வழக்கமான வகுப்பில் சி வாங்குவது, மாடிஃபைடு வகுப்பில் ஏ வாங்குவதைவிட இவளுக்குப் பல மடங்கு மேல்.

சரி, கூட்டத்தில் பதிலாக என்ன கேட்பது? வழக்கமான ஆங்கில வகுப்பிலேயே இருக்கட்டும். உள்ளே உதவிக்கு ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர் வர வேண்டும். இதை இன்-கிளாஸ் சப்போர்ட் என்பார்கள். எல்லா நூல்களும் ஆடியோவில் வேண்டும். இதுபோன்ற வாசிப்புக் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு, காதால் கேட்கும் நூல்களைத் தரும் புக்‌ஷேர் இலவசம். கட்டுரையைப் பேசி எழுதும் வசதி வேண்டும். டிஸ்லெக்சியாவுக்கான ரீடிங் வகுப்பு தினமும் நடக்கிறதா என்றும் கேளுங்கள். அது கோர் கணக்கில் வராது, ஆனாலும் விடக் கூடாது. ஆங்கிலத்துக்குப் பதிலாக அல்ல, அதோடு கூடவே வேண்டும். கூட்டத்தில் சம்மதம் இல்லை என்றால் கையெழுத்தில் "உடன்பாடு இல்லை" என்று குறிக்க உங்களுக்கு உரிமை உண்டு. அப்போது பத்துப் பள்ளி நாளுக்குள் மறுபடியும் கூட வாய்ப்புத் தர வேண்டும். பேச்சைப் பதிவு செய்துகொள்ளலாம். தமிழில்தான் சரளமாகப் பேச முடியும் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

இனி உங்கள் கணவரின் பயம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை மேல் ஒரு முத்திரை விழுந்துவிடக் கூடாது என்று நினைக்கிற அப்பாவின் பயம் அது. நம் வீடுகளில் இது அதிகம். ஆனால் உண்மை நிலவரம் வேறு. கல்லூரிக்குப் போகும் ட்ரான்ஸ்கிரிப்டில் ஒரு மாணவருக்குக் குறைபாடு இருக்கிறது என்று குறிப்பிடக் கூடாது என்று மத்தியக் கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகம் 2008-லேயே சொல்லிவிட்டது. பாடத்தின் உள்ளடக்கம் மாற்றப்பட்டிருந்தால், அந்த மாற்றத்தைக் குறிக்கலாம். யோசித்துப் பாருங்கள், அவர் அஞ்சுகிற அடையாளத்தை ஐஇபி கொண்டுவராது. மாடிஃபைடு வகுப்புதான் கொண்டுவரும். ஸ்பெஷல் எஜுகேஷனில் இருந்து வெளியே எடுத்தால் கூடுதல் நேரமும் ஆடியோவும் போகலாம், நான் மேலே சொன்ன அந்தச் சட்ட வரியின் பாதுகாப்பும் போகும். டிஸ்லெக்சியா மட்டும் இருக்கும்.

என்சிஏஏ பக்கத்திலும் இந்தக் கதவு சும்மா திறக்கவில்லை. 1980-களில் "புராப்பசிஷன் 48" என்ற விதியோடு கோர் கோர்ஸ் கணக்கு வந்தபோது, கற்றல் குறைபாடு உள்ளவர்களைப் பற்றி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. சிறப்புக் கல்வி வகுப்பு என்றாலே கழித்துவிடும் நிலை இருந்தது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நீந்தப் போகவிருந்த இல்லினாய் மாணவர் ஒருவர் 1996-ல் நீதிமன்றம் போனார். அடுத்த வருஷம் நியூ ஜெர்சியில் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவரும் வழக்குப் போட்டார். அமெரிக்க நீதித் துறை தலையிட்டு, 1998 மே மாதம் என்சிஏஏவோடு ஓர் ஒப்பந்த ஆணை கையெழுத்தானது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1990-ம் வருஷச் சட்டத்தின் கீழ். சிறப்புக் கல்வி வகுப்புகளை உள்ளடக்கத்தை வைத்து மதிப்பிட வேண்டும் என்று ஆனது அதன் பிறகுதான். நான்கு மாணவர்களுக்கு மொத்தம் 35,000 டாலர் இழப்பீடும் கொடுத்தார்கள். உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள் சிலர் வாங்கிக் கொடுத்த உரிமை இது. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

அந்த உரிமையால் இன்றைக்கு என்ன கிடைக்கிறது? மார்க்கில் தள்ளுபடி கிடையாது, 16-ம் 2.3-ம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் கல்வியைப் பாதிக்கும் குறைபாடு இருப்பதற்கான ஆவணம் கொடுத்தவர்கள், சரியான நேரத்தில் பள்ளிப் படிப்பை முடித்திருந்தால், அதன் பிறகு மூன்று கோர் கோர்ஸ் வரை கூடுதலாக எடுத்துக் கணக்கில் சேர்க்கலாம். மற்றவர்களுக்கு ஒரே ஒரு பாடம்தான். டிவிஷன் டூவில் கல்லூரியில் முழு நேரம் சேரும் வரை எடுக்கும் கோர் கோர்ஸ் எல்லாமே எல்லாருக்கும் கணக்கில் வரும். அங்கே ஜிபிஏ 2.2 போதும். ஆவணம் என்பது நிபுணரின் சமீபத்திய பரிசோதனை அறிக்கையும் ஐஇபியும். இதைக் குடும்பம் நேரடியாக எலிஜிபிலிட்டி சென்டருக்கு அனுப்பலாம், கோச் வழியாகப் போக வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஐஇபி உள்ள பிள்ளைகளுக்குக் குறைந்தது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை நடக்க வேண்டும். பள்ளியும் பெற்றோரும் தேவையில்லை என்று ஒத்துக்கொண்டால் தவிர்க்கலாம். ஏழாம் வகுப்பில் முதல் பரிசோதனை என்றால், இந்த வருஷ வாக்கில் உங்களிடம், "பழைய ரிப்போர்ட்டே போதும், இந்தத் தடவை டெஸ்ட் வேண்டாமே" என்று நல்லெண்ணத்தோடுதான் கேட்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் புதிய அறிக்கைதான் எலிஜிபிலிட்டி சென்டருக்கும் எஸ்ஏடிக்கும் கல்லூரிக்கும் தேவைப்படும். வெளியில் எடுக்கப் போனால் செலவு அதிகம்.

அண்ணன் சொன்னது அன்பால் சொன்னது. ஆனால் என்சிஏஏவின் நான்கு வருஷக் கணக்கு ஒன்பதாம் வகுப்பில் நுழைந்த அன்றே ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு வகுப்பைத் திரும்பப் படித்தாலும் அது நிற்காது. மேலே சொன்ன மூன்று கூடுதல் பாடச் சலுகைக்கும் சரியான நேரத்தில் முடிப்பது நிபந்தனை. அதோடு வயது விதியும் இருக்கிறது. டெக்சாஸில் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யுஐஎல், செப்டம்பர் 1 அன்று 19 வயது நிறையாதிருக்க வேண்டும் என்கிறது. குறைபாட்டால் படிப்பு ஒரு வருஷமாவது தாமதமானவர்களுக்கு விலக்கு கேட்க வழி உண்டு, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். இந்த வயது விதியை எதிர்த்து 1990-களில் மிசூரியிலும் மிச்சிகனிலும் கற்றல் குறைபாடு உள்ள மாணவர்கள் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய்த் தோற்றிருக்கிறார்கள்.

தமிழ்ப் பரீட்சை விஷயம். பரீட்சை எழுதி வாங்கும் கிரெடிட்டை உங்கள் பள்ளி மாவட்டம் ஏற்றால் டெக்சாஸில் பள்ளிப் படிப்பை முடிக்கும் தகுதிக்கு ஆகும், என்சிஏஏ அதைக் கோர் கோர்ஸாக எண்ணாது. அதில் நஷ்டம் இல்லை, ஏனென்றால் வேற்று மொழி என்சிஏஏவுக்குக் கட்டாயமே இல்லை. அந்த நான்கு கூடுதல் பாடங்களைச் சமூக அறிவியலிலும் அறிவியலிலும் நிரப்பிக்கொள்ளலாம். அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்க வரும் என்றால் தாராளமாக எழுதட்டும். ஆங்கிலத்தைவிடத் தமிழில் எழுத்தும் ஒலியும் நெருங்கி நிற்பதால், சில பிள்ளைகளுக்கு அது ஆறுதலாகக்கூட இருக்கும். வராது என்றால், டெக்சாஸ் விதியில் ஏஆர்டி குழுவே மொழிப் பாடத்துக்குப் பதில் வேறு பாடம் தர முடியும். இதையும் அதே கூட்டத்தில் கேட்டுவிடுங்கள். ஆனால் சில கல்லூரிகள் தங்கள் சேர்க்கைக்கு மொழிப் பாடம் எதிர்பார்க்கும், அதைப் பார்த்து முடிவெடுங்கள்.

கல்லூரிக்குப் போன பிறகும் விதி இருக்கிறது என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். டிவிஷன் ஒன்னில் மூன்றாம் வருஷம் தொடங்கும்போது பட்டத்தின் 40 சதவீதம் முடிந்திருக்க வேண்டும், நான்காம் வருஷம் 60, ஐந்தாம் வருஷம் 80. குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாடச் சுமையைக் குறைக்கவோ இந்தக் கணக்கில் விலக்கு கேட்கவோ வழி உண்டு, ஆனால் கல்லூரியின் மாற்றுத்திறனாளி சேவை அலுவலகத்தில் முதலில் அவள் பெயர் இருக்க வேண்டும். ஐஇபி பள்ளியோடு முடிந்துவிடும். கல்லூரியில் யாரும் தேடி வந்து கொடுக்க மாட்டார்கள், அம்மா போய்ப் பேசினாலும் கேட்க மாட்டார்கள். அவளே போய், "எனக்கு டிஸ்லெக்சியா, எனக்கு இது வேண்டும்" என்று சொல்ல வேண்டும்.

ஒருவேளை 2.3 எட்டவில்லை என்றாலும் பாதை அடைந்துவிடாது. 2.0-க்கும் 2.3-க்கும் நடுவில் இருந்தால், முதல் வருஷம் போட்டி இல்லாமல் ஸ்காலர்ஷிப்போடு சேர முடியும். டிவிஷன் த்ரீயில் என்சிஏஏ இந்தக் கணக்கே வைப்பதில்லை, கல்லூரி சேர்த்துக்கொண்டால் ஓடலாம். விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் மட்டும் அங்கே இல்லை. இரண்டு வருஷக் கல்லூரிகளும் உண்டு. ஓட்டத்துக்குப் பேர்போன சவுத் ப்ளெய்ன்ஸ் கல்லூரி உங்கள் மாநிலத்தில்தான் இருக்கிறது.

கூட்டத்துக்கு மகளையும் அழைத்துப் போங்கள். டெக்சாஸில் 14 வயதிலிருந்தே எதிர்காலத் திட்டம் ஐஇபியில் இருக்க வேண்டும், அதைப் பேசும் கூட்டத்துக்கு அவளையும் அழைத்தாக வேண்டும். "கல்லூரியில் ஓட விரும்புகிறேன்" என்று அவள் வாயால் சொல்லி, அது தாளில் ஏறட்டும். அப்புறம் அந்த என்சிஏஏ பட்டியலை அவள் கையிலேயே கொடுங்கள். அந்த வகுப்பு இதில் இருக்கிறதா என்று அவளே கேட்கட்டும். முந்தின நாள் வீட்டில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்த மூன்று வாரமும் பயிற்சியை விட வேண்டாம் என்று சொல்லுங்கள், அதற்கு அனுமதி இருக்கிறது. சாப்பிடவும் சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.